உங்க பேரைச் சொல்லி வாசித்த சங்கீதம்

கண்ணுக்குள்ளேயே நிற்கிற என் அண்ணன் தேவசகாயத்துக்கு,

ஞானம் எழுதுகிறேன். நீங்க போய் ஒரு வருசம் தாண்டிவிட்டது. உசிரோடு இருந்தபோது ஒரு துண்டுக் காகிதம் எழுதாதவள், இப்போ எதுக்கு எழுதுகிறாள் என்று சிரிப்பீங்க. சிரிங்க. சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்க.

இந்தக் கடிதத்தை ஒட்டி மூடப்போவதில்லை. உபதேசியார் வாசிக்கட்டும், சபையில் எழுத்துத் தெரிந்த யாரும் வாசிக்கட்டும். உங்களிடம் மட்டும் சொல்லித் தீர்த்துக்கொள்கிற சங்கதியாக இது இல்லை.

முதலில் வீட்டுச் சேதி. மதினி இருக்கிறாள், உடம்பு பாதியாகிவிட்டது. பெரியவள் பொன்மணி தீப்பெட்டி ஒட்டுகிறாள். கோவில்பட்டியிலிருந்து கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுகிறார்கள். பத்து வயசுப் பிள்ளைக்கு விரல் இடுக்கெல்லாம் பசை காய்ந்து கிடக்கிறது. சின்னவள் எஸ்தருக்கு மேலுக்கு அடிக்கடி சேரமாட்டேன் என்கிறது, காய்ச்சலில் படுத்துவிடுகிறாள். உங்க மயிலைக் காளை தை மாசம் செத்துப்போனது. ஊருக்குள்ளே கரண்டுக் கம்பம் நட்டிருக்கிறார்கள். கம்பி இன்னும் வரவில்லை, காக்கா மட்டும் வந்து உட்காருகிறது.

நான் நல்லா இருக்கேன் அண்ணே. அதுதான் பயமாக இருக்கிறது.

போன வருசம் ஆனி மாசம் நமக்குள்ளே நடந்த சண்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தாலியறுத்து, ஒரு பிள்ளைகூட இல்லாமல் திரும்பி வந்தவளுக்கு, யாரும் கேட்காமலே அப்பா நிலத்தில் சரிபாதியைப் பிரித்துக் கொடுத்தவர் நீங்க. அந்த நன்றியை ரெண்டு வருசத்தில் தின்று ஏப்பம் விட்டவள் நான். கோடை உழவுக்குப் பிறகு போய்ப் பார்த்தால் நடுவில் எல்லை வரப்பாக இருந்த பொழி மெலிந்து, என் பக்கமாகச் சாய்ந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. ஒரு சால் உள்ளே தள்ளி உழுதுவிட்டீங்க என்று தெருவில் நின்று கத்தினேன்.

“ஏட்டி, பாதி நிலத்தையே தூக்கிக் குடுத்தவன் ஒரு சால் மண்ணைத் திருடுவானா?”

“குடுக்கிற மாதிரி குடுத்துட்டு, கொஞ்சங் கொஞ்சமா உழுது எடுக்கலாம்னு பாக்கியளோ?”

உங்க முகம் கறுத்துப்போனது. “ஒன் வாய்க்கு நீ வெந்துதான் போவ” என்றீங்க. கோபத்தில் எல்லாரும் சொல்கிற பேச்சுதான். நானும் எத்தனையோ பேரை வெந்துபோகச் சொல்லியிருக்கிறேன்.

நாலாம் நாள், வீட்டோரம் போராக அடுக்கியிருந்த என் படப்பு எரிந்தது. அந்த வருசத்துச் சோளத்தட்டை முழுக்க அதில்தான் இருந்தது. பக்கத்தில் கட்டியிருந்த செவலைக் கன்றுக்குட்டி கயிற்றை அறுக்க முடியாமல் அங்கேயே கருகியது. அது கத்தினதை நான் சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பேன். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நீங்க பொழியில் குத்தவைத்துப் பீடி பற்றவைத்ததை நானே பார்த்திருந்தேன். சொன்ன வாய், நின்ன இடம், கையில் தீப்பெட்டி. இதுக்கு மேலே என்ன சாட்சி வேணும் என்று என் மனசு முடிவுகட்டிவிட்டது.

பஞ்சாயத்தில் கேட்டிருக்கலாம். உபதேசியாரிடம் சொல்லியிருக்கலாம். உங்களையே சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். நான் எதுவும் செய்யவில்லை. நம்ம பொம்பளைகள் காதோடு காதாகச் சொல்வார்களே, அதைச் செய்தேன்.

என்ன என்று இப்போ உங்களுக்குத் தெரிந்திருக்கும், வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேதத்தில் ஒரு சாப சங்கீதம் இருக்கிறது. துன்மார்க்கனைத் தேவன் நியாயந்தீர்க்க வேண்டும் என்று கேட்கிற சங்கீதம். அநியாயம் செய்தவனைக் கேட்க நாதியில்லாதவர்கள், உச்சிப்பொழுதில் நிழல் காலுக்குள் ஒடுங்குகிற நேரம், தலையில் முக்காடு போட்டு, எதிராளி வீட்டைப் பார்த்து நின்று, இருபத்தோரு நாள் அதை வாசிக்க வேண்டும். துன்மார்க்கன் என்று வருகிற இடத்தில் எதிராளியின் பேரைச் சொல்ல வேண்டும். சபைக் குருவான ஐயருக்குத் தெரிந்தால் சபையை விட்டுத் தள்ளிவைத்துவிடுவார். ஆனாலும் வாசிக்கிறவர்கள் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். படிக்க வைத்ததும் நீங்கதான். அந்தப் படிப்பை வைத்து உங்க பேரைச் சொல்லி வாசித்தேன்.

என் வீட்டுக்குப் பின்னால், நிலம் ஆரம்பிக்கிற இடத்தில், உங்க வாசலைப் பார்த்து நின்றுதான் வாசிப்பேன். கரிசல் வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் என் கை முழங்கை வரைக்கும் போகும். முதல் ரெண்டு மூணு நாள் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ, நான் வாசிக்கிறது வெளியே போகாமல் அந்த வெடிப்புக்குள்ளே இறங்குகிற மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டுக் கேட்டால் உள்ளே ஏதோ முணங்குகிற மாதிரி ஒரு சத்தம். காற்றாகத்தான் இருக்கும். ஆனி மாசத்து மேகாத்து சும்மாவா இருக்கும், சேலையை உருவிக்கொண்டு போகிற காற்று. ஆனால் உங்க பேரைச் சொல்கிற இடத்தில் மட்டும் அந்தக் காற்று நின்றுபோகும். ஒரு மூச்சு நேரம், அவ்வளவுதான். அப்புறம் மறுபடி அடிக்கும். நான் அதைக் கர்த்தர் செவி சாய்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சந்தோசப்பட்டேன் அண்ணே. சத்தியமாகச் சந்தோசப்பட்டேன்.

பத்தொன்பதாம் நாள், உங்க பேரைச் சொல்லிவிட்டு, அவன் நாட்கள் குறுகட்டும், பெண்டாட்டி விதவையாகட்டும் என்று வருகிற இடத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். காற்று நின்றது. எப்போதும் போலத் திரும்பி அடிக்கும் என்று பார்த்தேன், அடிக்கவில்லை. கானல்கூட அசையாமல் நின்றது. அப்போதுதான் உங்க வீட்டுப் பக்கமிருந்து மதினி கத்தின சத்தம் வந்தது.

மாட்டை அவிழ்க்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை என்றார்கள். காய்ச்சல் இல்லை, கடி இல்லை, நெஞ்சு வலிக்குது என்று ஒரு வார்த்தை இல்லை.

நான் ஓடி வந்தபோது என் கையில் வேதப்புத்தகம் அப்படியே இருந்தது. விரல் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்தது.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பினோம். மதினி என்னை உள்ளே கூப்பிட்டு ஓலைக்கொட்டான் ஒன்றைக் கையில் கொடுத்தாள். திறந்து பார்த்தேன், கடம்பூர் போளி.

“ஒனக்குன்னு வாங்கிட்டு வந்தாவ, ஞானம். முந்தாநாள் கடம்பூர் போயிருந்தாவல்லா. ஒன்னைத் தெனமும் பாப்பாவ. தங்கச்சி நம்ம வீட்டப் பாத்து ஜெபம் பண்ணுதா, கோவம் ஆறிட்டு போலன்னு சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுவாவ. நடுவுல போயிப் பேசுனா அவ ஜெபம் கெட்டுப்போவும், முடிக்கட்டும், நான் போயிக் கூப்பிடுதேன்னாவ.”

என் ஜெபம் முடியட்டும் என்று காத்திருந்தீங்க.

அன்றைக்குப் பொழியில் எதற்கு உட்கார்ந்திருந்தீங்க என்பதையும் மதினிதான் சொன்னாள். பொழியை உங்க பக்கமாக ஒரு முழம் தள்ளிக் கட்டிவிட்டு, இடுப்பு நோகுது என்று உட்கார்ந்து பீடி குடித்தீங்களாம். மறுநாள் போய்ப் பார்த்தேன். பச்சை மண் போட்டு மிதித்த உங்க கால்தடம் காய்ந்துபோய் அப்படியே இருந்தது. அந்தப் போளியை நான் தின்றேன். தூரப் போட மனசு வரவில்லை. அது தொண்டையில் இறங்கின விதத்தை எழுதத் தெரியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் படப்பு உங்க வேலைதான் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கிறதுதான் எனக்குத் தூக்கம் கொடுத்தது. தப்பு செய்தவன், தேவன் தீர்த்தார், நான் வெறும் வாசித்தவள். இப்படி ஒரு வருசம் ஓட்டினேன்.

அந்த வருசத்தில் எனக்கு நடந்ததைக் கேளுங்க. ஐப்பசியில் மாட்டுக்கு ஒரு கொம்பு நனைந்தால் மறுகொம்பு நனையாத மழை. நனைந்த கொம்பு என் நிலம், நனையாத கொம்பு உங்க நிலம். நடுவில் நீங்க கட்டின பொழிதான். என் பக்கம் பருத்தி வெடித்து நின்றதைப் பார்த்து, இடைசெவலுக்குப் போகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அடைவைத்த முட்டையில் ஒன்றுகூடக் கூமுட்டை இல்லை. பசு கிடேரிக் கன்று போட்டது. அதே வருசம் உங்க வீட்டில் மாடு செத்தது, எஸ்தர் படுத்தாள், பொன்மணி பள்ளிக்கூடத்தை விட்டாள். அந்தச் சங்கீதம் வரிசையாக நடந்துகொண்டிருந்தது. நாட்கள் குறுகியாச்சு. பெண்டாட்டி விதவையாச்சு. அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று எனக்கு மனப்பாடம். பிள்ளைகள் வீடு வீடாக அலையட்டும் என்று வருகிறது.

அந்த வரி மட்டும் நடந்துவிடக் கூடாது என்றுதான் நித்தம் கம்பங்கூழ் கரைத்துக்கொண்டு உங்க வீட்டுக்குப் போவேன். ஊரில் என்னைத் தங்கமான நாத்தனார் என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் காது கூசுகிறது.

இந்த ஆனியில் உண்மை தெரிந்தது. பழைய இடத்திலேயே புதுப் படப்பு போட்டிருந்தேன். நான் அடுப்பில் எரிக்கிறது பருத்திமார்தான். காய்ந்த பருத்திச் செடியின் கங்கு சாம்பலுக்குள் அரைநாள் உசிரோடு கிடக்கும் என்பது எந்தப் பொம்பளைக்கும் தெரியும். தெரிந்தும், காலையில் அடுப்புச் சாம்பலை அள்ளிப் படப்புக்குப் பக்கத்துக் குப்பையில் கொட்டுவது என் வழக்கம். அங்கே கொட்டினால் நடை மிச்சம். அன்றைக்கு மத்தியானம் தட்டை உருவப் போனேன். காற்று மேல்சாம்பலை ஊதி எடுத்துப் போயிருந்தது. அடியில் கங்கு சிவப்பாக முழித்துக்கொண்டு கிடந்தது. அதிலிருந்து ஒரு பொறி பறந்து தட்டையில் உட்கார்ந்து, அந்தத் தட்டை புகைய ஆரம்பித்தது.

வெறுங்காலால் மிதித்து அணைத்தேன். கால் வெந்தது அப்போது தெரியவில்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். படப்பை எரித்தது நான். கன்றைக் கொன்றது நான். அதற்கு உங்களைக் குற்றவாளி ஆக்கி, பிராது கொடுத்து, பத்தொன்பது நாள் நின்று தண்டனை கேட்டு வாங்கினவளும் நான்.

உபதேசியாரிடம் போய் மெல்லக் கேட்டேன். “பொய்ப் பிராதைக் கேட்டுத் தேவன் தீர்ப்புச் சொல்லுவாரா?”

“அவர் என்ன தாலுகா கச்சேரியா, குடுத்த மனுவைக் கண்ண மூடிக்கிட்டு வாங்க? சோதோம் பட்டணத்துக்காரன் மேல எம்புட்டுக் கூக்குரல் போச்சு. அப்பவும் நானே இறங்கிப் போயிப் பாக்கேன்னுட்டுத்தானே வந்தார்?”

“அப்போ துன்மார்க்கன் செழிக்கிறானே, அது எப்படி?”

“அறுப்பு வரைக்கும் களையும் பயிரோட வளரும், ஞானம்மா. களை செழிச்சா அது களைக்கு நல்ல காலம்னு அர்த்தமா? இதெல்லாம் யாரப் பத்திக் கேக்குத?”

“சும்மாதான்.”

அதற்கு மேல் நிற்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

அண்ணே, நீங்க இப்போ அவர் பக்கத்தில் இருக்கிறீங்க, நீங்களே கேட்டுச் சொல்லுங்க. சோதோமையே இறங்கி வந்து பார்த்தவர் நம்ம பொழியைப் பார்க்க இறங்கவில்லையா? பார்த்திருந்தால் உங்க கால்தடம் தெரிந்திருக்குமே. இல்லை, உங்க நாள் முன்னமே குறித்த நாள், என் வாசிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையா? அப்படியானால் அந்தக் காற்று எதற்கு நின்றது? என் பருத்தி எதற்கு அப்படி வெடித்தது? அந்தச் சங்கீதத்திலேயே இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சபிக்கிறதை எவன் விரும்பினானோ அவனுக்கே அது வந்து சேரும் என்று. அதை வாசிக்கும்போதெல்லாம் உங்களை நினைத்துத்தான் வாசித்தேன். மடச்சி.

வரட்டும் என்றுதான் நானும் காத்திருந்தேன். இடி விழும், பாம்பு கடிக்கும், பருத்தியில் புழு விழும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. காலையில் எழுந்தால் கோழி நிறைய முட்டை. எனக்கு அந்த முட்டையைத் தொடவே பயம்.

இருபது நாளைக்கு முன்னால் கூழ் கொண்டுபோனபோது மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஞானம், ஒண்ணு கேப்பேன், மாட்டேன்னு சொல்லக்கூடாது.”

“சொல்லுங்க மதினி.”

“சாப சங்கீதம்னு ஒண்ணு சொல்லுதாவல்லா, அதை நீ எனக்காக வாசிக்கணும்.”

அவள் பேசிக்கொண்டே போனாள். “குனிஞ்ச மனுசன் நிமிராமப் போவாவளா? யாரோ என்னமோ செஞ்சிருக்காவ. மாடு போச்சு, இந்தச் சின்னது நாளுக்கு நாள் வத்திக்கிட்டே போவுது. குறி சொல்லுத கோடாங்கிகிட்டப் போயிக் கேளுன்னு சொல்லுதாவ. வேதக்காரி அங்கன போலாமா? எனக்கு எழுத்துத் தெரிஞ்சா நானே வாசிச்சிருவேன். நீ அவியளுக்காக வெயில்ல நின்னு அத்தனை நாள் ஜெபம் பண்ணுனவ. ஒன் வாயால வாசிச்சாத்தான் கர்த்தர் கேப்பார்.”

“யாரு பேரைச் சொல்லட்டும் மதினி?”

“பேரு எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்லா.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே உண்மையையும் சொல்லியிருக்கலாம். எஸ்தர் என் மடியில் ஏறி உட்கார்ந்து கூழைக் குடித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அந்தப் பிள்ளையை இனிமேல் தொட விடமாட்டாள் என்று பயந்து, சரி மதினி என்றேன்.

உங்க வாசலில் நின்று வாசிக்கிறேன். எதிராளி வீட்டைப் பார்த்து நிற்க வேண்டும், எதிராளி யார் என்று தெரியாதே என்று மதினி தயங்கினாள். “தெரியாட்டி என்ன, வாசலுக்கு நேராவே நில்லு” என்றாள். உங்க வாசலுக்கு நேரே என் வீடுதான் இருக்கிறது.

தினமும் உச்சிக்கு அவள் முக்காடு போட்டுப் பக்கத்தில் நிற்பாள். பொன்மணி தீப்பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு வருவாள், எஸ்தரையும் நிறுத்திக்கொள்வாள். நான் ஒவ்வொரு வசனமாக வாசிக்க, மூணு பேரும் ஆமென் சொல்கிறார்கள். துன்மார்க்கனின் பிள்ளைகள் தகப்பனில்லாமல் போகட்டும் என்று வாசிக்கிறேன். உங்க எஸ்தர் ஆமென் என்கிறாள். அவளுக்கு ‘ன்’ நன்றாக வராது, மூக்கால் சொல்வாள்.

பேர் வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். அந்த இடத்தில் காற்று நிற்கிறது அண்ணே. போன வருசம் நின்ற மாதிரியே. ஆடி மாசம், பனைமரம் வளைகிற காற்று, நான் வாயை மூடினதும் அடங்கி நிற்கிறது. போன வருசம் பேரைக் கேட்டு நின்றது. இப்போ பேருக்காக நிற்கிறது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கிறது. நேற்று எஸ்தர் என் சேலையைப் பிடித்து இழுத்து, “அத்தே, அங்கன எதுக்கு நிறுத்துதிய? சொல்லுங்க” என்றாள். இன்றைக்குப் பிள்ளைக்கு மறுபடியும் காய்ச்சல். கண்ணைத் திறக்காமல் படுத்திருக்கிறாள். மதினி வேப்பிலைத் தண்ணீர் வைத்துத் துடைத்துக்கொண்டே, “நாளைக்குக் கடேசி நாள், ஞானம். நாளையோட சரியாப்போவும்” என்றாள்.

அந்த வார்த்தை என்னைப் போட்டு அறுக்கிறது. என் வாயால் கேட்டது உங்க பிள்ளைகள் மேல் நின்றுகொண்டிருக்கிறது என்றால், அதை நகர்த்த எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அது சரியான வழியா என்று ஐயர்தான் சொல்ல வேண்டும், கேட்க நேரமில்லை. தேவன் நியாயாதிபதி என்று வாய் நிறையப் பாடி வளர்ந்தோம். அவர் முன்னால் ஒருதரமாவது உண்மையான பேரைச் சொல்ல வேண்டாமா? நிலத்தைப் பொன்மணி பேருக்கு எழுதச் சொல்லித் தனியாக ஒரு தாள் எழுதி வைத்துவிட்டேன். பருத்தி வெடிக்கிற நிலம். அது அந்தப் பிள்ளைகளுக்காவது வெடிக்கட்டும்.

நாளைக்கு என் நாக்கு பின்வாங்கிவிடும் என்று எனக்கே பயம் இருக்கிறது. அதனால்தான் இதை இன்றைக்கே எழுதி உபதேசியார் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன். நாளை மத்தியானத்துக்குள் நான் சொல்லவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் வாசிப்பார்.

ஆனால் சொல்லுவேன் அண்ணே. இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. நாளைக்கு அந்த இடம் வரும்போது வாயை மூடமாட்டேன். ஞானம்மாள் என்று, மதினிக்குத் தெளிவாகக் கேட்கிற மாதிரி வாசிப்பேன். அதற்கு மேலே மதினி வாய் திறப்பாளோ என்னவோ. பொன்மணி மட்டும் பழக்கத்தில் ஆமென் சொல்லிவிடுவாள்.

இப்படிக்கு,
நீங்க எழுத்துச் சொல்லிக்கொடுத்து வளர்த்த
உங்க ஒரே தங்கச்சி,
ஞானம்மாள்.